அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘பிசிஆர்-ஏபிஎல் ஜீன் பாசிட்டிவ்’: பிள்ளைகளுக்கும் வருமா?

மதுரைக்காரி:
அப்பாவுக்கு வயது 61. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்ததில் வெள்ளணு 1,80,000. சி.எம்.எல். என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி இமாட்டினிப் 400 மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் எண்ணிக்கை இறங்கிவிட்டது. ஆனால் ‘ஜீன்’ என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நானும் என் பையனும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? ரத்தம்தான் சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு என்று அப்பா வேறு முரண்டு பிடிக்கிறார்.

லேப் தம்பி:
வேண்டாம் அக்கா, இது பரம்பரையாக வருவதில்லை. அப்பா பிறக்கும்போது இது கிடையாது. பிற்பாடு எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டன. அதில் 22 குட்டையாகிவிடும். 1960-ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்துச் சொன்னது அந்தக் குட்டையைத்தான். துண்டு இடம் மாறிய கதையை ஜேனட் ரௌலி 1973-ல் கண்டுபிடித்தார்.

துண்டு மாறியதில் 9-இல் இருந்த ஏபிஎல் ஜீன் 22-இல் இருந்த பிசிஆர் ஜீனோடு ஒட்டிக்கொண்டது. ஏபிஎல் ஒரு கைனேஸ். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டும். அதுதான் செல்லுக்குள் ‘பெருகு’ என்று போகும் சேதி. நம் உடம்பில் இப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ் ஜீன்கள் உண்டு. சாதாரண ஏபிஎல் தன் முன்பகுதியால் தன்னையே பூட்டி வைத்திருக்கும். பிசிஆரோடு ஒட்டிக்கொள்ளும்போது பூட்டு கழன்றுவிடுகிறது, சேதி ஓயாமல் போகிறது. ஏடிபி உட்காரும் குழியில் இமாட்டினிப் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். மாத்திரையை நிறுத்தி அது எழுந்தால் பழைய கதைதான். அந்த ஸ்டெம் செல் மஜ்ஜையில் இன்னும் இருக்கும்.

(இந்த ஜீனை அளக்கும் டெஸ்டும் பிசிஆர், ஜீனும் பிசிஆர். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது. குழம்ப வேண்டாம்.)

பதினோரு வருஷக்காரன்:
அப்பா செய்வதை நானும் செய்தேன். நாலாம் வருஷம் டாக்டரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் நிறுத்தினேன். டெஸ்டில் 0.05 சதவீதத்தில் இருந்த பிசிஆர்-ஏபிஎல் அளவு 2 சதவீதத்துக்கு ஏறியது. ஏபிஎல்லில் வரும் டி315ஐ என்ற ஜீன் மாற்றமோ என்று பயந்து அதற்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அது வந்திருந்தால் இமாட்டினிப் வேலை செய்யாது. நல்லவேளை, இல்லை. சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குமட்டும். காலையில் கண் இமை வீங்கும், கெண்டைக்கால் இழுக்கும். டாக்டரிடம் சொல்லட்டும், தானாக நிறுத்த வேண்டாம். மலிவாக வேறு கிடைக்கிறது: இந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி போட்ட காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது, 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

மதுரைக்காரி:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த இரண்டு மாசம் இவர் வீட்டில் யாரும் கேட்கவில்லையா?” என்கிறார். மாத்திரையை விழுங்கிவிட்டார். மூன்று மாத டெஸ்ட் 14-ஆம் தேதி.