பிளெண்டரில் பொயிலர் வெடிப்பு: புகை ஊதுபத்தி போல எழுகிறது, உதவி தேவை

சம்மாந்துறையான்:
பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். பழைய அரிசி ஆலை ஒன்றின் பொயிலர் வெடிப்பதுதான் உச்சக் காட்சி. ஒரு கோளத்தைப் ப்ளோவாக, அதாவது புகை கிளம்பும் மூலமாக வைத்து, தீயும் புகையும் சேர்த்து, ரெசலூஷனை (புகைப் பெட்டியின் பக்கத்தில் எத்தனை கட்டங்கள் என்ற எண்ணை) 32இலிருந்து 256 வரை ஏற்றிவிட்டேன். இரவு முழுவதும் மடிக்கணினி இரைந்துகொண்டே கிடந்தது. சுபஹுக்கு எழுந்து பார்த்தால், வெடிப்பைக் காணவில்லை. செங்கல் சூளைப் புகை போல ஆறுதலாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. எங்கே பிழை?

கல்லடி வாவிக்கரை:
ப்ளோவை 'இன்ப்ளோ' வகையில் விட்டிருப்பீர்கள். அது நீங்கள் நிறுத்தும் வரை புகையை ஊற்றிக்கொண்டே இருக்கும். வெடிப்பு என்பது மூன்று நான்கு பிரேமில் முடிகிற வேலை. 'யூஸ் ப்ளோ' என்ற தெரிவுப் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து ஐ விசையை அழுத்துங்கள், அந்தப் பிரேமில் அதன் நிலை பதிவாகும். நான்காவது பிரேமில் அதை அணைத்து மறுபடி அழுத்துங்கள். 'இனிஷியல் வெலோசிட்டி'யையும் போடாவிட்டால் புகைக்கு உந்துதலே கிடைக்காது. வழுவழுப்பான கோளம் வழுவழுப்பான காளானைத்தான் தரும், அதைக் கொஞ்சம் நெளித்துக் கரடாக்கிவிடுங்கள்.

256க்கு ஏன் போனீர்கள்? ஒவ்வொரு பக்கமும் 8 மடங்கு என்றால் பெட்டிக்குள் 512 மடங்கு கட்டங்கள். இரவு முழுக்க இரையாமல் என்ன செய்யும்? அசைவு சரியாக வரும் வரை 64ஐத் தாண்ட வேண்டாம்.

நிந்தவூர் பழைய மில்காரன்:
தம்பி, எனக்குக் கணினி தெரியாது, மகன் வாசித்துக் காட்டினான். பொயிலர் வெடிப்பில் ஏன் தீப்பந்து? உள்ளே இருப்பது பெற்றோல் அல்ல, தண்ணீர். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அது 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். இரும்பு கிழிந்த கணத்தில் அதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகிவிடும். வெளிக்காற்றில் ஒரு லீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1,600 லீட்டர் ஆவி. கூரையைத் தூக்குவது அதுதான்.

முதலில் தகரங்கள் எழும்ப வேண்டும். அவற்றின் இடுக்குகளால் வெள்ளை ஆவி பீறிட வேண்டும். அதற்குப் பின்னால்தான் அடுப்புக்குள் இருந்த உமிச் சாம்பல், சாம்பல் நிறமும் கருப்புமாக, இடையிடையே சிவந்த பொறிகளோடு. ஆவி சீக்கிரம் கரைந்துவிடும். சாம்பல் கரையாது, புழுங்கல் நெல் காயும் களம் முழுக்க ஆறுதலாக வந்து படியும். திரையில் எல்லா வெடிப்பையும் பெற்றோல் தாங்கி மாதிரியே காட்டுகிறார்கள், எனக்கு எரிச்சல்.

சம்மாந்துறையான்:
காக்கா, நீங்கள் சொன்னதே படமாக ஓடிவிட்டது! தீயை எடுத்துவிட்டு ஆவிக்கும் சாம்பலுக்கும் தனித்தனி ப்ளோ வைத்தேன், உந்துதல் வந்துவிட்டது. ஆனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் எஞ்சினில் ரெண்டர் செய்தால் (இறுதிப் படமாக்கினால்) வெள்ளை ஆவி, அரிசி கழுவிய தண்ணீர் போல மங்கலாக இருக்கிறது.

கல்லடி வாவிக்கரை:
ஒளியமைப்பைக் குறை சொல்லாதீர்கள். 'லைட் பாத்ஸ்' பகுதியில் வொலியூம் எண்ணிக்கை, அதாவது புகை, ஆவிக்குள் ஒளி மேலும் எத்தனை முறை சிதறலாம் என்பது, இயல்பாகவே 0. ஒளி ஆவிக்குள் நுழைந்து ஒரு துளியில் பட்டதும் கணக்கு முடிந்துவிடுகிறது. அடர்ந்த ஆவி வெளுப்பது ஒளி பலமுறை சிதறுவதால். 4 ஆக்குங்கள், ரெண்டர் நேரம் கூடும்.

நிந்தவூர் பழைய மில்காரன்:
இன்னொன்று. சத்தத்தைப் படத்தோடு சேர்த்து ஒட்டாதீர்கள். முதலில் கண்ணுக்கு, பிறகுதான் காதுக்கு. இந்த மாவட்டத்தில் என் வயதுக்காரர்கள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை.

சம்மாந்துறையான்:
சரி காக்கா. கமரா வயலுக்கு அப்பால் 170 மீட்டரில் நிற்கிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், அதாவது அரை வினாடி. 12 பிரேம் பின்தள்ளிவிட்டேன். கடைசிக் குறை ஒன்று: கூரைத் தகரங்கள் பஞ்சு போல மிதந்து இறங்குகின்றன. நிறையை 1 கிலோவிலிருந்து 20 ஆக்கியும் மாற்றமில்லை.

கல்லடி வாவிக்கரை:
நிறை விழும் வேகத்தை மாற்றாது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் ஒரு வினாடியில், 24 பிரேமில், தரையைத் தொட வேண்டும். உங்கள் கூரை எத்தனை மீட்டர்?

சம்மாந்துறையான்:
50. முழு ஆலையையும் பத்து மடங்கு பெரிதாகக் கட்டியிருக்கிறேன்! பத்தால் வகுத்தேன், தகரம் தடாலென்று விழுகிறது. கமராவும் 17 மீட்டருக்கு வந்துவிட்டதால் ஒலியை ஒரே ஒரு பிரேமுக்கு இழுத்துவிட்டு, மறுபடி 64இல் போட்டிருக்கிறேன்.