கிடாயின் சிறுநீர்வழிக்கு ஒட்டுத்திசு: சாத்தியமா?

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:
குட்டியிலேயே நலமடிக்கப்பட்ட எங்கள் வெள்ளாட்டுக் கிடாய்க்குக் கல்லடைத்தபோது, மலவாயிலுக்குக் கீழே துளையிட்டுச் சிறுநீருக்கு வழி செய்தார்கள். இப்போது அத்துளை சுருங்கி, முதுகை வளைத்து முக்கினாலும் சொட்டுச் சொட்டாகவே வருகிறது. பன்றிக்குடல் சவ்வால் புதிய குழாய் அமைக்கலாம் என வாசித்தேன். பன்றியைத் தவிர்த்து வேறு வழி உண்டா?

மிருக வைத்தியர், திருகோணமலை:
சொட்டுச் சொட்டாக வருவது அவசர நிலை. சிறுநீர்ப்பை வெடிக்கக்கூடும் என்பதால் இன்றே கிடாயை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நீங்கள் வாசித்த சவ்வு, பன்றியின் சிறுகுடலிலிருந்து உட்சளியத்தையும் (உட்புறத்தை மூடும் ஈரத்தோல்) வெளித்தசையையும் சுரண்டி, உயிரணுக்களையும் நீக்கியபின் எஞ்சும் கொலாஜன் என்ற புரதத்தாலான தாள். சிறுநீர்வழியின் ஒரு பக்கச் சுவர் உயிருடன் இருக்க, மறுபக்கத்தில் இதை ஒட்டாகத் தைத்தபோது முயல்களில் நல்ல பலன் கிடைத்தது; முழுக் குழாயாகச் சுருட்டி வைத்தபோதோ தழும்பேறிச் சுருங்கியது. இரு முனைகளிலிருந்தும் படர்ந்து வரும் உயிரணுக்களால் நெடுந்தூரம் செல்ல முடிவதில்லை. 2008இல் வெளியான முயல் ஆய்வொன்றில், முன்கூட்டியே உயிரணுக்களை இட்டு வளர்க்காத குழாய் அரைச் சென்ரிமீற்றர் வரையே முறையாக ஆறியது. எனவே 'புதிய குழாய்' என்ற பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பன்றியும் தேவையில்லை. கிடாயின் சொந்த வாயின் உட்சளியத்தையே எடுக்கலாம். அது ஈரத்துக்குப் பழகியது, முதலிரு நாட்கள் அடியிலுள்ள திசுவில் ஊறும் திரவத்தாலேயே பிழைத்து, பின்னர் இரத்தக்குழாய்களைப் பிடித்துக்கொள்ளும். நலமடித்த வெள்ளாடொன்றுக்கு இம்முறையில் துளையை நீக்கிப் பழைய வழியை மீட்ட விபரம் 2004இல் வெளியானது. ஆனால் அது ஒரேயோர் ஆட்டின் கதை.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:
நன்றி டொக்டர், கிடாயை இப்போதே ஏற்றுகிறோம். ஒட்டு ஆறும்வரை சிறுநீர் எப்படிப் போகும்? எங்கே செய்விக்கலாம்?

மிருக வைத்தியர், திருகோணமலை:
வயிற்றுச் சுவர் வழியே சிறுநீர்ப்பைக்குள் ஒரு குழாய் வைத்துத் தைப்பார்கள்; தையலில் சிறுநீர் பட்டால் ஒட்டு கெடும். கிடாயின் சிறுநீர்வழி எஸ் வடிவில் மடிந்திருப்பதோடு, இடுப்பெலும்பருகே ஒரு பையும் இருப்பதால், நுனியிலிருந்து குழாயை ஏற்றுவது பெரும்பாலும் கைகூடாது. இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டுமே உண்டு. உங்கள் வைத்தியரின் கடிதத்துடன் அங்கு விசாரியுங்கள். எளிய மாற்று, சுருங்கிய துளையை மேலும் உயரத்தில் புதிதாகத் திறப்பது. பெரும்பாலான கிடாய்களுக்கு நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

மூதூர் ஆடு வளர்ப்பாளர்:
அரிசித் தவிடு அதிகம் கொடுக்கிறீர்களா? அதில் பொசுபரசு மிகுதி; அது கூடினால் சிறுநீரில் கல் உண்டாகும். தீவனத்தில் கல்சியம் அதைப்போல் இரு மடங்காக இருக்க வேண்டும். அதைத் திருத்தாமல் ஒட்டுப் போட்டால், அடுத்த கல் அந்த ஒட்டிலேயே வந்து சிக்கும்.