பழைய டீசல் வண்டியில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) எங்கே போகிறது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சி குவாலிஸ்:
2003 குவாலிஸ், 2.4 டீசல், 2 லட்சத்து 80 ஆயிரம் ஓடியது. மூன்று மாதமாக வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு கிடையாது, ஹோஸ் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. ஊற்றி ஊற்றி ஓட்டினேன். போன மே மாதம் குடும்பத்தோடு வால்பாறை. 9-வது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க நிறுத்தியபோதுகூட ஒன்றுமில்லை. அதற்கு மேல் இரண்டாவது கியரில் ஏற ஏற, என்ஜின் சூட்டைக் காட்டும் முள் முக்காலைத் தாண்டியது. ஏ.சி.யை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, என்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். அனல் வந்தது. இரண்டு வளைவு கழித்து அந்த அனல் சில்லென்று ஆனது. அதே நேரத்தில் முள்ளும் மளமளவென்று கீழே இறங்கி, வண்டி எடுக்கும்போது நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டது.

"அப்பாடா, இறங்கிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அட்டகட்டி வரை அப்படியே ஓட்டினேன்.

தண்ணீர் முழுசும் போய்விட்டதால்தான் முள் இறங்கியிருக்கிறது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும், வெறும் ஆவியில் நின்றால் குறைத்துத்தான் காட்டும். ஹீட்டரில் சில்லென்று வந்ததும் அதனால்தான், உள்ளே சுற்றச் சுடுதண்ணீரே இல்லை. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட் 2-வது 3-வது சிலிண்டருக்கு நடுவே கருகி வாய் பிளந்திருந்தது. காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சில்லென்ற காற்று முகத்தில் பட்ட நொடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அங்கேயே ஓரம்கட்டியிருந்தால் கேஸ்கட்டோடு போயிருக்கும்.

பழைய டாக்ஸி:
எனக்கு அம்பாசிடர் டீசல். திருச்சியிலிருந்து சென்னைக்குச் சவாரி, உளுந்தூர்பேட்டை தாண்டி ஆவி கிளம்பியது. வண்டியில் இருந்த பெரியவருக்கு ஆஸ்பத்திரி நேரம் தப்பிவிடும் என்று அவசரம். பத்து நிமிஷம்கூடப் பொறுக்காமல் ஈரத்துண்டை மடித்துப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். முதல் அரைத் திருகில் நின்றிருக்க வேண்டும். துண்டோடு சேர்த்து மேலே அடித்தது, முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. 19 வருஷம் ஆகிறது, தழும்பு இருக்கிறது.

ரேடியேட்டர் அடியில் ஊசிமுனை ஓட்டை. பக்கத்துக் கடையில் மஞ்சள் தூள் இரண்டு பாக்கெட் வாங்கி, ஓட்டை அடைபட ரேடியேட்டருக்குள் போட்டு விழுப்புரம் வரை வந்து சேர்ந்தேன். லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த கை வைத்தியம், நடுரோட்டில் நின்றால் இதை மறக்காதீர்கள். அப்புறம் பழைய வண்டிக்கு தெர்மோஸ்டாட் வால்வை (சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடுவது) கழற்றிப் போட்டுவிட்டால் நம்ம ஊர் வெயிலுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நாமக்கல் வாசகன்:
ஐயா, கை சுட்ட கதையைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மஞ்சள் தூளையும் வால்வையும் பற்றிச் சொன்னதை அப்படியே விட முடியாது.

என் கதை சின்னது. 2005 மாடல் டீசல் ஜீப், கொல்லிமலை 70 வளைவும் முள் அசையாமல் ஏறிய வண்டி. மெக்கானிக் ஒருவர், "இது நம்ம ஊருக்கு எதுக்குங்க" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அடுத்த தடவை 30-வது வளைவிலேயே கொதித்தது. புது வால்வு போட்டதும் பழையபடி ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

காரணம் இதுதான். பல என்ஜின்களில் அந்த வால்வுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கும். சூடானதும் மேல்பக்கம் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். முழுசாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

மஞ்சள் தூள் அம்பாசிடரின் பித்தளை ரேடியேட்டருக்கு ஒரு நாள் தாங்கும், கழற்றிக் கழுவி ஈயம் வைத்துக்கொள்ளலாம். இப்போது வரும் மெல்லிய அலுமினியக் குழாய்களில் அது சேறாகப் படிந்துவிடும். ஹீட்டர் குழாய் அதற்கும் முன்னால் அடைத்துக்கொள்ளும்.

பொள்ளாச்சி நண்பர் அந்த மூன்று மாதத்தில் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மூடியில் 0.9 என்று போட்டிருந்தால் அது வெறும் எண் இல்லை, மூடி உள்ளே பிடித்து வைக்கும் அழுத்தம் (பார் அளவில்). அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காவிட்டால், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறையில் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமான், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். அடுத்து, காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இரண்டு குமிழி வருவது சாதாரணம். நிற்காமல் சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் வழியாக சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரே நிமிஷத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும், என்ஜின் இன்னும் சூடேகூட ஆகியிருக்காது. தரையில் சொட்டாமல் வாரம் அரை லிட்டர் போனது என்றால் நான் இதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

இன்னொன்று, போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். தேநீர்க் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ஹெட்டுக்குள்ளும் படியும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. பச்சையோடு சிவப்பைக் கலக்க வேண்டாம்.

மதுரை அம்மா கார்:
எல்லோரும் கேஸ்கட்டையே சொல்கிறீர்கள். எங்களுக்கும் தரையில் சொட்டு கிடையாது, ஆனால் கேஸ்கட் நன்றாகவே இருந்தது. அப்பா விட்டுப்போன 2006 டீசல் கார், அதனால்தான் விற்க மனசில்லை. முன் இருக்கையின் கால்மாட்டில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று முறை பட்டறையில் விட்டேன், மூன்று முறையும் "ஏ.சி. தண்ணீர்தான் மேடம், டியூப் அடைச்சிருக்கு" என்று சொல்லி ஊதிவிட்டு அனுப்பினார்கள். ஒரு நாள் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தவள், "அம்மா, பிசுபிசுன்னு இருக்கு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் லேசான சிவப்பு, எண்ணெய் மாதிரி வழுவழுப்பு, பாகு காய்ச்சிய மாதிரி இனிப்பு வாடை. ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முன்கண்ணாடி உள்பக்கம் எத்தனை துடைத்தாலும் போகாத மங்கல் இருந்ததற்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை (அதற்குள் இருக்கும், சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) மாற்றினோம். குழந்தை அந்த ஈரத்தில் ஆறு மாதம் கால் வைத்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை, அது வாய்க்குள் போனால் விஷம்.

கிருஷ்ணகிரி டீசல்:
எனக்குத் தண்ணீரே குறையவில்லை, சூடு மட்டும் ஏறும். ஊருக்குள் ஓட்டினால் சரியாக இருக்கும், 80-க்கு மேல் போனால் முள் ஏறும். வாட்டர் பம்ப், வால்வு, மூடி எல்லாம் மாற்றினேன். கடைசியில் ரேடியேட்டரை வெளியே எடுத்தபோது, அதற்கும் அதன் முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே மெத்தை மாதிரி கொள்ளுச் சருகு. எங்கள் பக்கம் அறுவடை நேரத்தில் கொள்ளுச் செடியை ரோட்டில்தான் பரப்புவார்கள், வண்டி ஏறி மிதித்துக் காய் உடையும். வருஷா வருஷம் அதன்மேல் ஓட்டியிருக்கிறேன். முன்னால் கிரில் வழியாகப் பார்த்தால் பளபளவென்று சுத்தமாகத்தான் தெரியும். இரண்டு கை நிறைய அள்ளிப்போட்டேன், நடுவில் முளைவிட்ட கொள்ளே கிடந்தது. கழுவும்போது தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். பிரஷர் வாட்டர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பொள்ளாச்சி குவாலிஸ்:
நாமக்கல் சார், மூடியைப் பார்க்கவில்லை, நிஜம். மேல் ஹோஸ் காலையிலேயே இறுகியதைத் தொட்டும் இருக்கிறேன், புது ஹோஸ் என்பதால் விறைப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மதுரை அம்மா சொன்னதைப் படித்ததும் போய் என் கால்மாட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து (வளைந்த பரப்பைச் சமமாக்கி), வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் பார்த்துத்தான் போட்டோம். ஏழு மாதமாக ஒரு சொட்டு இறங்கவில்லை. பொங்கலுக்கு மறுபடி வால்பாறை கேட்கிறார்கள். சூட்டைக் காட்டும் முள்ளை நம்பாமல், தண்ணீர் மட்டம் குறைந்ததுமே கத்துகிற மாதிரி அலாரம் தனியாகப் போட்டுக்கொள்ள நினைக்கிறேன். குவாலிஸில் அதன் சென்சாரை மேல் ஹோஸில் வைப்பதா, ரேடியேட்டர் மேல்தொட்டியில் வைப்பதா? போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.