மலாயன் பென்சனியர் பூட்டனாரின் தாய் தகப்பன் யார்? பழைய மரண அறிவித்தல் ஒன்றை வாசிக்க உதவி தேவை

வேர்தேடி:
வணக்கம். அம்மம்மாவின் தகப்பனாரைத் தேடுகிறேன். பெயர் சின்னத்தம்பி, ஊர் கொக்குவில். மலாயா றெயில்வேயில் கிளாக்காக இருந்து, பென்சனோடு ஊருக்கு வந்து, ஐம்பதுகளில் காலமானவர். இதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருடைய மரண அறிவித்தலைத் தேடிப் பழைய பேப்பர்களைப் புரட்டிக் களைத்துவிட்டேன். சின்னத்தம்பி சாகாத கிழமையே இல்லை!

கையில் இருப்பது அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு பேப்பர் துண்டு. பத்திரிகையின் பெயரும் திகதியும் இல்லை. மேல்பக்கம் கிழிந்து, இறந்தவரின் பெயரும் போய்விட்டது. மிச்சம் இதுதான்:

"…காலஞ்சென்றவர்களான கதிர்காமர், வள்ளியம்மை தம்பதியரின் கனிஷ்ட புத்திரனும், காலஞ்சென்ற முருகேசு, செல்லம்மா ஆகியோரின் அன்பு மருமகனும், இராசம்மாவின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற சின்னத்தம்பி (மலாயன் பென்சனியர்), பொன்னம்மா, காலஞ்சென்ற வைத்திலிங்கம் ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார். அன்னாரின் ஈமக்கிரியைகள் நாளை ஞாயிற்றுக்கிழமை…"

இதில் வரும் சின்னத்தம்பி எங்கள் பூட்டனார்தானா? எப்படி உறுதிப்படுத்துவது?

பனங்கூடல்:
தம்பி, துண்டு சின்னன் எண்டாலும் விஷயம் நிறையக் கிடக்கு. கனிஷ்ட புத்திரன் எண்டால் கடைசி மகன். (மூத்தவர் எண்டால் சிரேஷ்ட எண்டும், ஒரே பிள்ளை எண்டால் ஏக எண்டும் போடுறது.) அப்ப சின்னத்தம்பி இவருக்குத் தமையன். இவர் சாகேக்கை அவர் உயிரோடை இல்லை.

இனி அந்தக் 'காலஞ்சென்ற'வைக் கவனியுங்கோ. கதிர்காமர், வள்ளியம்மைக்கு முன்னாலை 'காலஞ்சென்றவர்களான' எண்டு பன்மை. ரெண்டு பேரும் இல்லை. முருகேசுவுக்கு ஒருமை. அவர் போயிட்டார், செல்லம்மா அப்ப இருந்திருக்கக் கூடும். பொன்னம்மாவுக்கு முன்னாலை ஒண்டுமே இல்லை. உயிரோடை இருந்தவ! அப்ப அவவின்ரை அறிவித்தல் இதுக்குப் பிறகு எங்கையோ வந்திருக்க வேணும். அதைப் பிடியுங்கோ. அதிலை மைத்துனிமார் வரிசை வரும். உங்கடை பூட்டியின்ரை பேர் அங்கை இருந்தால் ஆள் சரி.

என்ரை அனுபவத்திலை, தேடுற ஆளின்ரை அறிவித்தலைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. அவருக்குப் பிறகு செத்த சகோதரம், சகலன், சம்பந்தி ஆக்களின்ரையைத் தேட வேணும். பிந்திப் பிந்தி வர அறிவித்தல் நீளும், பேர் கூடும். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு அடைப்புக்குள்ளை நாடும் போடுவினம்.

ஒரு எச்சரிக்கை. 'சகோதரர்' எண்டு ஒன்றுவிட்ட சகோதரத்தையும் சேர்த்துப் போடுற வீடுகள் இருக்கு. அதாலை இந்தத் துண்டை மட்டும் வைச்சுக் கதிர்காமரை மரத்திலை ஏத்தாதேங்கோ.

பழையபேப்பர்:
துண்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் திகதியைக் காட்டிக்கொடுக்கும். "நாளை ஞாயிற்றுக்கிழமை" என்பதால் சனிக்கிழமைப் பேப்பர் என்பது ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

வேர்தேடி:
பின்னால் யாழ்ப்பாணத் தியேட்டர் விளம்பரம் ஒன்றில் பாதி. படத்தின் பெயர் தெரிகிறது. அது 1964இல் வெளிவந்த படம்.

பழையபேப்பர்:
நல்லது. ஆனால் பழைய படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிய காலம் அது. 1964க்கு முந்தியது அல்ல என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத் தியேட்டர் விளம்பரம் என்றால் 1959இல் தொடங்கிய 'ஈழநாடு'வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1981இல் யாழ். நூலகத்தை எரித்த நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதனால் யாழ்ப்பாணத்தில் கேட்டு அலையாமல் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தையும், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் பாருங்கள். பேப்பருக்குக் கொடுக்காமல் வானொலியில் மட்டும் வாசிக்கக் கொடுத்த அறிவித்தல்கள் எத்தனையோ, அவை காற்றோடு போனவைதான்.

பூட்டனார் காலமானது ஐம்பதுகளில் என்றால் பெரும்பாலும் ஈழநாடு அப்போது தொடங்கியிருக்காது. வீரகேசரி (1930), தினகரன் (1932), 1958 வரை வந்த ஈழகேசரி என்று போங்கள்.

கல்வெட்டுக்காரன்:
31ஆம் நாள் கல்வெட்டு, அதுதான் செத்தவரின்ரை நினைவுப் புத்தகம், அடிச்சவையோ? அந்தக் காலத்து மலாயன் பென்சனியர் வீடுகளிலை அனேகமாக அடிப்பினம். வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் அதிலை வரும். உள்ளூரிலை இல்லாட்டி வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ. கொண்டு போனவை கனபேர்.

வேர்தேடி:
கேட்டேன் அண்ணை! கனடாவில் உள்ள மாமி ஒரே ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினார். மிச்சத் தாள்கள் இல்லையாம். அதில் ஒரு வெண்பா மட்டும். துன்முகி ஆண்டு, ஆவணி மாதம், அபரபக்க ஏகாதசி என்று வருகிறது.

கல்வெட்டுக்காரன்:
அதுதான் திதி வெண்பா. திவசத்துக்குத் திதி மறக்காமல் இருக்கப் பாடி வைக்கிறது. எங்களுக்கு அது மரணப் பதிவு மாதிரி. துன்முகி 1956 சித்திரையிலை தொடங்கினது. அந்த ஆவணியிலை தேய்பிறை ஏகாதசி ஆகஸ்ட் முடிஞ்சு செப்டெம்பர் தொடங்குற இடத்திலை விழும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒரு நாள் முன்பின் வரலாம். அந்தக் கிழமைப் பேப்பர்களை மட்டும் எடுங்கோ.

மலாயாப் பேப்பரையும் விடாதேங்கோ. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்திலை சும்மா பார்க்க விட்டிருக்கு. மலாயா டிரிபியூனும் அதிலை இருக்கு. ஆங்கிலத்திலை பேரை எல்லா விதமாகவும் அடிச்சுத் தேட வேணும். எஸ்-இலையும் தொடங்கும், சி-எச்-இலையும் தொடங்கும். 'த'வுக்கு வெறும் டி, இல்லாட்டி டி-எச். கடைசியிலை ஐ, இல்லாட்டி வை. முதலெழுத்துக் கே-யோடை தேடுங்கோ, கதிர்காமர் சரியெண்டால் அதுதான் வரும். ஆள் பென்சன் எடுத்துக்கொண்டு போகேக்கை நடந்த பிரியாவிடையைக் கூடப் போட்டிருப்பினம்.

வேர்தேடி:
இப்போதைய நிலவரம். 1956 பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை. பொன்னம்மாவின் அறிவித்தல் 1971ஆம் ஆண்டுப் பேப்பர் ஒன்றில் கிடைத்தது! பெற்றோர் கதிர்காமர், வள்ளியம்மை. மைத்துனிமாரில் 'அன்னலட்சுமி' என்று ஒருவர். எங்கள் பூட்டியை எல்லோரும் அன்னம் என்றுதான் சொல்வார்கள். இதை ஏற்கலாமா?

பனங்கூடல்:
முக்காலுக்கு மேலை வந்திட்டீங்கள், ஆனால் அன்னம் எண்டு கூப்பிட்ட ஆக்கள் ஊரிலை எத்தினை பேர்! அம்மம்மாவின்ரை சீதன உறுதி (சீதனமாக் காணி எழுதின பத்திரம்) எங்கை? தகப்பன் எழுதிக் குடுத்ததெண்டால் அவரின்ரை முழுப் பேரும் அதிலை வரும், முன்னாலை அவரின்ரை தகப்பன் பேரோடை. பேப்பருக்கு அறிவித்தல் குடுக்கிற ஆள் அந்தரத்திலை பிழை விடும். நொத்தாரிசு முன்னாலை அப்பிடி விடமாட்டினம்.

வேர்தேடி:
மாமா வீட்டு அலுமாரியில் இருந்தது அக்கா. "கதிர்காமர் சின்னத்தம்பி" என்றுதான் எழுதியிருக்கிறது. மனைவி பெயரும் அன்னலட்சுமி. எல்லோருக்கும் நன்றி. இனிக் கதிர்காமரின் தகப்பன் யார் என்று பார்க்க வேண்டும்.

பனங்கூடல்:
அதுக்கு மரண அறிவித்தல் உதவாது தம்பி. அந்தச் சீதன உறுதியிலையே காணி எந்த வழியாலை வந்தது எண்டு எழுதியிருக்கும், முன்னைய உறுதியின்ரை இலக்கத்தோடை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் புது இழை ஒண்டு திறவுங்கோ.