மறுமொழி: ‘அலவுட் ஐபீஸ்’ – ‘வசமுகவரிகள்’ ஆகுமா?

> ‘அனுமதித்த முகவரிகள்’ என்றே வைத்துவிடலாமே. மூலத்திலும் அதுதானே இருக்கிறது?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கணினிகளை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் வயர்கார்ட் மென்பொருளில், முகவரிப் பட்டியல் ஒன்றுக்கு ‘அலவுட் ஐபீஸ்’ (AllowedIPs) என்று பெயர். அந்த மூலப் பெயரே அரைகுறை. பெயர்த்தால் குறையும் கூடவே வரும். வயர்கார்டில் சர்வர், கிளையன்ட் என்ற மேல்கீழ் இல்லை. ஒவ்வொரு எதிர்க்கணினிக்கும் (இணைப்பின் மறுமுனைக் கணினிக்கும்) அதை அடையாளங்காட்டும் ஒரு பொதுச்சாவி, அதன்கீழ் இந்தப் பட்டியல். உள்ளே வரும் பொட்டலத்தின் (தரவுத் துண்டின்) அனுப்புநர் முகவரி பட்டியலில் இல்லையென்றால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். இதுவரை ‘அனுமதி’ சரி. ஆனால் வெளியே போகும் பொட்டலத்தை யாருக்குப் பூட்டி அனுப்புவது என்று முடிவுசெய்வதும் இதே பட்டியல்தான்.

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டியை, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் அவர்களது கொப்பரைக் களத்தோடு இணைத்தார்கள். களத்துக் கணினி 10.8.0.2, பிரின்டரோ களத்தின் உள்வலையில், 192.168.5.0/24-க்குள் (192.168.5 என்று தொடங்கும் முகவரிகளுக்குள்). மண்டிக் கணினியில் 10.8.0.2/32 (அந்த ஒரே முகவரி) மட்டுமே எழுதியிருந்தது. உள்வலைக்கான பாதையைக் கையால் வயர்கார்ட் பக்கம் திருப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்க பிங் அடித்தால், ‘தேவையான சாவி இல்லை’ என்று ஆங்கிலத்தில் பதில். பையன் சாவிகளைப் புதிது புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தான். சாவிக்கு ஒரு குறையுமில்லை. அந்த முகவரி எவர் பெயரிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ‘அனுமதி’ என்ற பெயரைப் பார்த்தவனுக்கு, வெளியே அனுப்புவதற்கும் அந்த வரியைத்தான் திருத்த வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

ஆகவே ‘வசமுகவரிகள்’. ‘பார்சலை டிரைவர் வசம் கொடுத்தனுப்பு’, ‘பத்திரம் அண்ணன் வசம் இருக்கிறது’ என்கிறோம். அனுப்புவதும் பொறுப்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. மலையாளத்திலும் இந்த வழக்கு உண்டு என்பதால் எல்லைக்கு இப்பால் விளக்கமே தேவைப்படாது. இன்னொன்று, அனுமதியைப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், வசம் ஒருவரிடம்தான். வயர்கார்டும் அப்படியே: ஒரே 192.168.1.0/24-ஐ இரண்டு எதிர்க்கணினிகளின் கீழ் எழுதினால் பிந்தியது எடுத்துக்கொள்ளும், முந்தியது இழந்துவிடும். 0.0.0.0/0 (இத்தகைய எல்லா முகவரிகளும்) ஒருவர் வசமும் அதற்குள் ஒரு /24 வேறொருவர் வசமும் இருப்பதில் சிக்கலில்லை. குறுகிய வட்டமே வெல்லும்.

‘வசம்’ வடசொல் என்று ஆட்சேபம் வரும், தெரியும். ‘அவர்பால் அனுப்பினேன்’ என்பதைப் பிடித்து ‘பால்முகவரி’ என்று வைத்தால், இங்கே கேரளத்தின் மில்மா பால் பூத்துக்கு வழி சொல்வார்கள்.

இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது வெற்றுப் பொட்டலம் அனுப்பும் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘உயிர்த்துடிப்பு’ நன்றாகவே இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் 25 நொடி இடைவெளியையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.