ரேடியேட்டர் மாற்றம்: நானே செய்யலாமா, பிளம்பரைக் கூப்பிடவா?

இல்ஃபோர்ட்_அப்பா

வணக்கம். கிழக்கு லண்டனில் 1930களில் கட்டிய பழைய வீடு. பின்பக்கப் படுக்கையறையில், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அடிவிளிம்பில் துரு ஏறி, கீழே கார்பெட்டில் பழுப்பாகக் கறை இறங்கியிருக்கிறது, விரலால் தொட்டாலே பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது. குழந்தைக்கு நாலு மாதம், அந்த அறையில்தான் தூங்க வைக்கிறோம், அதனால் குளிர் முற்றுவதற்குள் மாற்றியாக வேண்டும். இப்போது இருப்பது ஒற்றைத் தகடு. அதே நீளத்தில் இரட்டைத் தகடு, டைப் 22, 600க்கு 1000 மிமீ வாங்கி வைத்துவிட்டேன்.

ஒரு பிளம்பர் 320 பவுண்ட் கேட்டார். வீடியோவில் பார்த்தால் புஷ்ஃபிட் இணைப்பை அழுத்திச் சொருகி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஊரில் மோட்டார், டேங்க், பிவிசி பைப் வேலையெல்லாம் நானே செய்தவன்தான். இன்னொன்று, கட்டிலுக்கு இடம் வேண்டும் என்பதால் ரேடியேட்டரை ஒரு அடி தள்ளி மாட்டலாம் என்று மனைவி சொல்கிறார். அப்படியென்றால் பைப்பைத் தரைப்பலகைக்கு அடியில் நீட்ட வேண்டும். துணிந்து இறங்கலாமா?

மூலைவீட்டு_ஸ்பானர்

தாராளமாக இறங்குங்கள். இங்கே கேஸ் வேலைக்குத்தான் பதிவு பெற்ற ஆள் கட்டாயம், ரேடியேட்டர் தண்ணீர்ப் பக்கம், வீட்டுக்காரர் தொடலாம். என் வீட்டில் மூன்றை நானே மாற்றியிருக்கிறேன், முழு வீட்டுத் தண்ணீரையும் இறக்காமல்.

ஹீட்டிங்கை நிறுத்தி நன்றாக ஆற விடுங்கள். இரண்டு பக்க வால்வையும் மூடுங்கள். மூடி போட்ட லாக்‌ஷீல்ட் வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், திரும்பத் திறக்கும்போது அதே அளவு திறக்க வேண்டும். எண் போட்ட டி.ஆர்.வி, அதாவது அறைச் சூட்டைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் வால்வு, அந்தப் பக்கம் கவனம்: பூஜ்யத்தில் வைத்தால் மூடிவிட்டது என்று நம்பாதீர்கள், ஜன்னல் திறந்து அறை குளிர்ந்தால் பைப் உறையாமல் இருக்க அது தானாகத் திறந்துகொள்ளும். தலையைக் கழற்றி, அதற்கென்று உள்ள மூடியைத் திருகி இறுக்குங்கள். நட்டைத் தளர்த்தும்போது இன்னொரு ஸ்பானரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும். வரும் தண்ணீர் மை மாதிரி கறுப்பாக இருக்கும், கார்பெட்டில் பட்டால் போகவே போகாது, பழைய துவாலை நிறைய வையுங்கள்.

ஹாரோ_அக்கா

தம்பி, ரேடியேட்டரை மாட்டுவது சரி, அந்தத் தரைக்கு அடியில் நீட்டும் வேலையை மட்டும் தயவுசெய்து யோசித்துச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இவரும் இவருடைய நண்பரும் ஒரு சனிக்கிழமை இதே மாதிரி பிளாஸ்டிக் பைப்பும் புஷ்ஃபிட்டும் போட்டு, பலகையை அடித்து, மேலே லாமினேட்டும் விரித்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரு சொட்டுக் கூட இல்லை. அப்புறம் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை பாயிலர் அழுத்த முள் ஒன்றுக்குக் கீழே இறங்கும், நாங்களும் தண்ணீர் ஏற்றி விடுவோம், பழைய பாயிலர்தானே என்று. இரண்டு மாதம் கழித்து கீழே அடுப்படிக் கூரையில் தேநீர் சிந்தின மாதிரி ஒரு வட்டம். முதலில் உள்ளங்கை அளவு, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு இரவு பிளாஸ்டர் அப்படியே பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. மகள் ஐந்து நிமிடம் முன்னால்தான் அங்கிருந்து எழுந்து போயிருந்தாள், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

பிரித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் பைப்பின் வாய்க்குள் செருகும் சின்னக் குழல், இன்செர்ட் என்பார்கள், அதைப் போடவே இல்லை. சூட்டில் பைப் நெளிந்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் பக்கமாகக் கசிந்திருக்கிறது. காப்புறுதிக்காரர்கள் இது மெல்ல மெல்ல நடந்த கசிவு, திடீர் விபத்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கூரைக்கும் தரைக்கும் செலவழித்த காசில் நாலு பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஹீட்டிங்_வேலைக்காரன்

இது என் தொழில், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கா சொன்னதில் புஷ்ஃபிட்டைக் குறை சொல்ல முடியாது, நானும் தினமும் போடுகிறேன். பைப்பை ரம்பத்தால் அறுத்துப் பிசிறோடு சொருகுவது, இன்செர்ட் விடுவது, பளபளக்கும் குரோம் பைப்பில் அப்படியே ஏற்றுவது, இவைதான் கெடுக்கும். குரோம் வழுக்கும், உள்ளே இருக்கும் பல் வளையம் பிடிக்காது. கசிந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முதன்முதலாகச் செய்து பழகுங்கள், பலகைக்கு அடியில் வேண்டாம்.

இல்ஃபோர்ட் தம்பி, ஒன்றைக் கவனித்தீர்களா? நீளம் ஒன்றாக இருந்தாலும் இரட்டைத் தகடு சுவரிலிருந்து அதிகம் முன்னே தள்ளி நிற்கும். உங்கள் பழைய பைப் சுவரை ஒட்டி எழும்பி வரும், வால்வோடு நேராகச் சேராது. வளைத்து இழுத்து நட்டை இறுக்குவார்கள், நட்டுக்குள் பைப்பைக் கவ்வும் ஆலிவ் வளையம் கோணலாக உட்காரும், ஒரு குளிர்காலம் தாங்கும், அடுத்ததில் சொட்டும். ஆக, தள்ளி மாட்டாவிட்டாலும் உங்களுக்குப் பைப் வேலை உண்டு. 320இல் பெரும்பகுதி அதற்குத்தான் இருக்கும்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. பழையதைக் கழற்றுவது, புது பிராக்கெட் அடிப்பது, தரைப்பலகையைத் தூக்கி வைப்பது இதெல்லாம் நீங்கள் செய்யுங்கள், பைப்புக்கு மட்டும் விலை கேளுங்கள். சுவர் செங்கல்லா பிளாஸ்டர்போர்டா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற திருகாணி போடுங்கள், புது ரேடியேட்டர் தண்ணீர் இல்லாமலே 30 கிலோ அளவில் இருக்கும். தண்ணீர் இறக்கினால் திரும்ப நிரப்பும்போது இன்ஹிபிட்டர் என்ற துருத்தடுப்பு மருந்தை ஊற்றச் சொல்லிக் கண்முன்னே ஊற்ற வையுங்கள், உங்கள் ரேடியேட்டர் உள்ளிருந்து அரித்ததற்கு அது இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஆறிய நிலையில் முள் 1க்கும் 1.5 பாருக்கும் நடுவே நிற்க வேண்டும், நிரப்பிய பின் பிளம்பர் ஃபில்லிங் லூப்பை, அதாவது தண்ணீர் ஏற்றும் இணைப்புக் குழாயை, மூடிவிட்டாரா என்று பாருங்கள். அவர் பாயிலர் உறையைத் திறந்தால் கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றதைக் காட்டும் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும்.

பலகையை உடனே மூடாதீர்கள். இரண்டு நாள் சூடேற்றி, ஆற விட்டு, இணைப்பைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூவைச் சுற்றி வையுங்கள். அது நனையாமல் இருந்தால் மூடலாம்.

இல்ஃபோர்ட்_அப்பா

அந்த முன்னே தள்ளி நிற்கும் விஷயம் எனக்குத் தெரியவே இல்லை. இப்போது அளந்து பார்த்தேன், அண்ணா சொன்ன மாதிரியே பைப் சேராது. அக்கா, உங்கள் மகளைப் பற்றிப் படித்ததும் மனைவி கட்டிலையே எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு அடி தள்ளும் பேச்சு இல்லை. அந்தப் பிளம்பரையே அழைத்து, பைப்புக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறார். சனிக்கிழமைக்குள் டிஷ்யூ எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.