நாய்க்குச் சிறுநீரக பயாப்ஸி: ஊசியா, லேப்ராஸ்கோப்பியா?

வணக்கம். எங்கள் லாப்ரடாருக்குச் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருக்கிறது, மருந்து மாற்றியும் குறையவில்லை. குளோமெருலஸில் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) என்ன கோளாறு என்று தெரிய பயாப்ஸி (சிறுநீரகத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து, தட்டணுக்களையும் ரத்தம் உறைவதையும் சோதித்த பிறகுதானாம். அது சரி. எந்த முறை என்பதில்தான் குழப்பம்.

ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியாக ஊசி விட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஊசி சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியோடு நிற்க வேண்டும். தாண்டி உள்ளே போனால் பெரிய ரத்தக்குழாயில் பட்டுவிடலாம். குளோமெருலஸ் இருப்பதும் புறணியில்தானே! லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுச் செய்வது) சிறுநீரகத்தை நேரில் பார்த்தே எடுக்கலாம், ரத்தம் கசிந்தால் அங்கேயே அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் வயிற்றில் வாயு நிரப்ப வேண்டும், மயக்க நேரமும் கூடும். எனக்கென்னவோ ஊசியே போதும் என்று படுகிறது.

இரண்டையும் செய்த கால்நடை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்களேன்: எதில் போதுமான குளோமெருலஸ் கிடைக்கிறது? ஊசியின் தடிமன் 16 கேஜா, 18 கேஜா? எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஒரு துணுக்கைத் தனித் திரவத்தில் போட வேண்டுமாமே, அதை முன்கூட்டியே ஆய்வகத்தில் வாங்கி வைக்க வேண்டுமா? அப்புறம், எடுத்த பிறகு சிறுநீரில் ரத்தம் எத்தனை நாள் வரை வரலாம்?